வெள்ளவத்தையில் ஒரு கொலை: பழைய பாணி மர்ம நாடகம் போடுவோருக்கு

ஒரே அறை, ஒரே இரவு, வெளியே போக வழியில்லாத ஏழெட்டுப் பேர், அவர்களில் ஒருவர் பிணம், இன்னொருவர் கொலையாளி. பழைய பாணி மர்ம நாடகம் என்பது இவ்வளவுதான். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் இங்கிலாந்தில் இந்த அச்சு கெட்டிப்பட்டு, 1950கள் வரைக்கும் மண்டபங்களை நிறைத்தது. காட்சி மாற்றம் இல்லை, பக்கவாத்தியம் இல்லை, அரசவை உடுப்பு இல்லை. கையில் காசில்லாத குழுவுக்கு இதைவிட வாய்ப்பான நாடகம் கிடையாது. வேலை முடிந்து மாலையில் வேர்த்து விறுவிறுக்க ஒத்திகைக்கு வருகிற எங்கள் கொழும்புக் குழுவும் அதனால்தான் இதைப் பிடித்துக்கொண்டது.

நான் நடிப்பவள் அல்ல. பக்கத் திரைக்குப் பின்னால் கொப்பியும் பென்சிலுமாக நிற்கும் மேடை முகாமையாளர். ஆகவே இங்கே நடிப்புக் கலை பற்றி அதிகம் வராது. எந்த லாச்சி எப்போது திறந்திருக்க வேண்டும், எந்தக் கதிரை எவ்வளவு திரும்பியிருக்க வேண்டும் என்பவைதான் வரும். மர்ம நாடகத்தில் பாதி வேலை அதுதான் என்பது என் கட்சி.

மற்றதெல்லாம் ஒரு விதியிலிருந்துதான் பிறக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பை ஒளிக்காதீர்கள். சபையின் கண்முன்னே, நல்ல வெளிச்சத்தில், சத்தமாக வையுங்கள். அதே நொடியில் அவர்கள் மனம் வேறெங்கோ ஓடும்படி ஏதாவது நடக்கட்டும். 1929இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். கொலையாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், பேய் பிசாசு கூடாது, துப்பறிபவர் கண்ட துப்பை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பவை அவற்றில் சில. மேடைக்கும் அவை அப்படியே பொருந்தும். கடைசிக் காட்சியில் எங்கிருந்தோ ஓர் இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்து இறக்கினால், நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்க சனத்துக்கு உரிமை உண்டு.

பிரதி

பழைய நாடகம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று ஆங்கிலப் பிரதி ஒன்றை எடுத்து மொழிபெயர்க்கத் தொடங்க வேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நிற்கும். 1960இல் இறந்தவரின் நாடகம் 2030 வரை அவருடைய வாரிசுகளுடையது. மொழிபெயர்ப்புக்கும் மேடையேற்றத்துக்கும் தனித்தனியாக அனுமதி வேண்டும், காட்சிக்கு இவ்வளவு என்று கட்டணமும் கேட்பார்கள். முடிந்தவர்கள் எழுதிக் கேளுங்கள். நாங்கள் மற்ற வழியில் போனோம். அச்சை மட்டும் எடுத்துக்கொண்டு கதையை நாங்களே எழுதினோம். பூட்டிய வீடு, உறவினர் கூட்டம், கேள்வி கேட்கும் இன்ஸ்பெக்டர் ஆகியவற்றுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

எழுதத் தொடங்கியதும் வருகிற முதற் சிக்கல், வீட்டை எப்படிப் பூட்டுவது என்பது. ஆங்கில நாடகத்தில் பனி கொட்டி வழியை மூடிவிடும். கொழும்பில் எது மூடும்? மழை என்றால் முழங்கால் வரை காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சனம் நடந்து போய்விடும். ஊரடங்கு என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. எங்கள் நாடகம் 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி இரவு நடக்கிறது, ஹர்த்தால் நாள். பங்கீட்டுக் கூப்பனுக்குக் கொடுக்கும் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமானதில் வெடித்தது. தென்கரைப் பாதையில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது, அவசரகால நிலையும் ஊரடங்கும் வந்தன. வெள்ளவத்தையில் ஒரு டாக்டர் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் இரவும் அங்கேயே கிடக்க வேண்டியதாயிற்று என்றால் நம்பாதவர் யார்?

ஆண்டைத் தெரிவு செய்வதில் அவசரப்படாதீர்கள். 1958 வேண்டாம், அது தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த ஆண்டு. அந்த ஆண்டில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுக்குள் நாலு பேர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தால், சபை உள்ளே இருக்கும் கொலையாளியைத் தேடாது, கேற்றடியில் யார் வருகிறார்கள் என்றுதான் பார்க்கும். அதோடு அந்த ஆண்டில் மரண தண்டனையையும் சட்டம் போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். 1959 செப்டெம்பரில் பண்டாரநாயக்க சுடப்பட்ட பிறகுதான் அது திரும்பி வந்தது. ஆகவே 1958இல் ஓர் இன்ஸ்பெக்டர் "தூக்குத்தான்" என்று மிரட்டினால் முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர் கட்டாயம் இருமுவார். யாழ்தேவி ரயில் 1956இல்தான் ஓடத் தொடங்கியது, ஆகவே 1953இல் யாரும் அதில் வந்து இறங்க முடியாது, இரவு மெயிலில்தான் வரலாம். இப்படியானவற்றுக்கு ஒரு சனிக்கிழமையைச் செலவழித்துத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அந்த மாதத்து வீரகேசரியையும் தினகரனையும் புரட்டுங்கள். செய்தியைவிட விளம்பரங்கள் அதிகம் உதவும். மேசையில் என்ன பவுடர் டின் இருக்க வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

அடுத்தது கொலைக்கான காரணம். ஆங்கிலக் கதையில் மூத்த மகனுக்கு எல்லாம் போய்விடும், இளையவன் விஷம் வைப்பான். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் அது நடக்காது. யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சொத்து முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது) என்று மூன்றாகப் பிரிந்து நிற்கும். மூத்தவன் என்பதற்காக ஒருவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. இது இடைஞ்சல் அல்ல, கொடை. தாயின் சீதனக் காணியை வைத்து மாமனும் மருமகனும் போடும் சண்டையில் ஒரு நாடகத்துக்கு அல்ல, மூன்று நாடகத்துக்குக் காரணம் கிடைக்கும். ஒரு பிரக்கிராசியாரை, அதாவது அந்தக் காலத்துச் சட்டத்தரணியை, பாத்திரமாக வைத்துக்கொண்டால் உறுதி, மரணசாசனம் எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லிவிடலாம்.

ஒரு வேண்டுகோள். வீட்டில் வேலைக்கு நிற்கும் மலைநாட்டுப் பிள்ளையைக் கொலையாளி ஆக்காதீர்கள். கடைசியில் பழி ஏழையின் தலையில் விழுவது எங்கள் ஊரில் மர்மம் அல்ல, வழமை.

விஷத்திலும் கவனம். பழைய ஆங்கில நாடகங்களில் சயனைட் தேத்தண்ணிக்குப் பால் போலப் புழங்கும். எங்கள் மண்டபத்தில் அந்தச் சொல் விழுந்த மறுகணம் சபை 1953ஐ விட்டு எங்கோ போய்விடும், திரும்பி வராது. தூக்க மருந்து என்று விட்டுவிடுங்கள். எவ்வளவு, எப்படிக் கலந்தது என்ற விளக்கமெல்லாம் மேடைக்குத் தேவையில்லை.

வானொலிப் பெட்டி

எங்கள் முதன்மைத் துப்பை உதாரணமாகவே சொல்கிறேன். கொலையாளி யார் என்பதைச் சொல்லமாட்டேன், மறுபடியும் மேடையேற்ற இருக்கிறோம்.

டாக்டர் வீட்டு மண்டப அறையில் பழைய வால்வு வானொலி ஒன்று நிற்கிறது. வால்வுப் பெட்டியைத் திருகியவுடன் சத்தம் வராது. உள்ளே இருக்கும் குழாய்கள் சூடேற வேண்டும், அதற்கு அரை நிமிடம் போலப் பிடிக்கும். முதல் அங்கத்தில் டாக்டரின் மாமியார் இலங்கை வானொலி கேட்பதற்காக அதைத் திருகுகிறார். சத்தம் இல்லை. "இது சூடேறினால்தான் வாய் திறக்கும், என் மனுசனைப் போல" என்கிறார். சபை சிரிக்கிறது. சத்தம் வருகிறது. துப்பு வைத்தாயிற்று.

இரண்டாம் அங்கத்தில் எல்லோரும் குசினிப் பக்கமிருந்து ஒன்றாக அறைக்குள் வருகிறார்கள். ஒரு மணித்தியாலமாக அந்த அறையில் யாரும் இல்லை என்பது எல்லோருடைய வாக்குமூலம். ஒருவர் வானொலியைத் திருகுகிறார். உடனே சத்தம் வருகிறது, ஊரடங்கு அறிவித்தல். அத்தனை பேரும் திடுக்கிட்டுப் போகிறார்கள். ஒருத்தி பிள்ளையை நினைத்து அழுகிறாள், ஒருவர் யன்னலடிக்கு ஓடுகிறார். சபை அறிவித்தலைக் கேட்கிறதே தவிர, அது எவ்வளவு விரைவாக வந்தது என்பதைக் கவனிப்பதில்லை. பெட்டி சூடாக இருந்திருக்கிறது என்றால், சற்றுமுன்வரை யாரோ அங்கே அதைப் பாடவிட்டிருக்கிறார். எதற்கு? எந்தச் சத்தத்தை அமுக்க?

பாருங்கள், எதையும் மறைக்கவில்லை. செய்தி துப்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இதைச் செய்து முடிப்பது ஒலி இயக்குபவரின் பொறுப்பு. பெட்டிக்குள்ளேயே ஒலிபெருக்கியை வையுங்கள், மண்டப ஒலிபெருக்கியில் விட்டால் வானொலி கூரையில் இருப்பதுபோலக் கேட்கும். கம்பி இழுத்தே இணையுங்கள். புளூடூத் வேண்டாம். 1953ஆம் ஆண்டு வானொலி, செய்திக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் குரலில் "கனெக்டட்" என்று சொல்வதைக் கேட்க யாரும் விரும்பமாட்டார்கள். முதல் முறை நடிகை திருகியதிலிருந்து மனதுக்குள் இருபது எண்ணி விடவேண்டும். இரண்டாம் முறை எண்ணிக்கையே இல்லை. மாமியாராக நடிப்பவர் அந்த இருபது எண்ணிக்கையையும் வசனத்தால் நிரப்பத் துடிப்பார், விடாதீர்கள். பெட்டி தாமதிப்பதைச் சபை உடம்பால் உணர வேண்டும்.

கண்ணால் காணும் துப்பைவிடக் காதால் கேட்கும் துப்பை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கள் மண்டபங்களில் பலவற்றில் தரை சமதளம். பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் கொண்டைதான் தெரியும், மேடைத் தரையில் கிடக்கும் சட்டைப் பொத்தான் தெரியாது. முழங்காலுக்குக் கீழே எந்த முக்கிய பொருளையும் வைக்காதீர்கள்.

உண்மை அட்டவணை

பிரதி முடிந்ததும் ஒரு பெரிய கடதாசியில் மூன்று நிரல்கள் கீறுங்கள். முதலாவதில் மணி. இரண்டாவதில் அந்த நேரத்தில் உண்மையில் நடந்தது, மேடையில் காட்டாததும் சேர்த்து. மூன்றாவதில் அதைப் பற்றி யார் என்ன பொய் சொல்கிறார். ஒத்திகை நடக்கும் இடத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள். வசனத்தில் கைவைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடதாசியைப் பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். "சும்மா ஒரு வரிதானே அக்கா" என்று ஒரு நடிகர் தானாகச் சேர்க்கும் வசனம் கொலையாளியை ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் நிற்க வைத்துவிடும்.

கொலையாளி யாரென்று நடிகர்களுக்குச் சொல்லாமல் ஒத்திகை பார்க்கும் நெறியாளர்கள் இருக்கிறார்கள். அப்போதுதான் முகத்தில் இயல்பு வருமாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதல் வாசிப்பிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பொய் சொல்பவருக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியாவிட்டால் எப்படி நன்றாகப் பொய் சொல்வது? கொலையாளியாக நடிப்பவருக்கு மட்டும் இன்னொரு கவலையையும் கொடுங்கள். மகளின் கலியாணம் குழம்பியிருக்கலாம், வட்டிக்கு எடுத்த காசாக இருக்கலாம். அவர் பதற்றமாக இருப்பது சபைக்குத் தெரியட்டும், காரணத்தைத் தவறாக நினைக்கட்டும். கண்ணை உருட்டி மீசையை முறுக்கும் நடிகரை இந்த வேடத்துக்கு எடுக்கவே வேண்டாம்.

நேரங்களும் பெயர்களும் மூன்று முறை, மூன்று வாயால், மூன்று விதமாக வரவேண்டும். "ஆறேகாலுக்கு" என்று ஒருவர், "விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில்" என்று மாமியார், "ஆறு பதினைந்து" என்று இன்ஸ்பெக்டர். தொங்கும் ஒலிவாங்கிகளை நம்பியிருக்கும் மண்டபத்தில் ஒருமுறை சொன்னது பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

மண்டபமும் இருட்டும்

பொதுமக்களுக்குக் காட்டும் நாடகத்தின் பிரதியை முன்கூட்டியே பொது ஆற்றுகைச் சபைக்குக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நுழைவுச்சீட்டு விற்பதென்றால் மாநகர சபையிடம் களியாட்ட வரி பற்றியும் விசாரித்துக்கொள்ளுங்கள். இவற்றை நாள் குறித்த பிறகு தொடங்கினால் நித்திரை போகும்.

நாள் குறிக்கும்போது ஆடிவேல் திருவிழாவைப் பாருங்கள். தேர் காலி வீதியால் வரும் நாட்களில் சனமும் வராது, தவில் சத்தத்தில் இன்ஸ்பெக்டரின் கேள்வியும் எடுபடாது. கடற்கரைப் பக்கத்து மண்டபம் என்றால் ரயில் நேரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடியும், 100ஆம் 101ஆம் இலக்க பஸ்களைப் பிடிக்க வேண்டியவர்கள் கடைசிக் காட்சிக்கு நடுவில் எழும்பமாட்டார்கள். பழைய பிரதிகளில் மூன்று அங்கமும் இரண்டு இடைவேளையும் இருக்கும். ஓர் இடைவேளை போதும், அதையும் பிணம் கண்டெடுக்கும் இடத்தில் வையுங்கள். வடையும் தேத்தண்ணியும் விற்றுத் தீர்வதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

விளக்கு அணையும், அலறல் கேட்கும், விளக்கு எரியும், பிணம் கிடக்கும். பழைய பாணியின் உயிரே இதுதான். கொழும்பில் இதற்கு ஓர் இடைஞ்சல் உண்டு. 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கறண்ட் இல்லாமல் இருந்த சனம் நாங்கள். மண்டபம் இருண்டவுடன் கை தானாகக் கைபேசியின் ரோச்சை அமுக்கும். நல்ல மனதோடு உங்கள் கொலையாளியின் முகத்திலேயே வெளிச்சம் அடிப்பார்கள். அதனால் முழு இருட்டைக் கைவிடுங்கள். மேடையில் ஓர் அரிக்கன் லாம்பு முதலிலிருந்தே எரியட்டும், "இண்டைக்கும் கறண்டை நிப்பாட்டுவாங்கள்" என்று ஒருவர் முன்கூட்டியே முணுமுணுக்கட்டும். பெரிய விளக்குகள் போன பிறகு லாம்பு மட்டும் நிற்கும்போது, இது நாடகத்தின் இருட்டு என்பது சனத்துக்குப் புரிந்துவிடும். லாம்பை ஒருவர் தற்செயலாக உடம்பால் மறைக்கும் அந்தச் சில நொடிகள் கொலைக்குப் போதும். மேடை விளிம்பிலும் படியிலும் ஒளிரும் நாடா ஒட்டாமல் யாரையும் இருட்டில் நடக்க விடாதீர்கள்.

பிணமாகக் கிடப்பவரைச் சோபாவுக்குப் பின்னால் விழுத்துங்கள், பாதம் மட்டும் வெளியே தெரிந்தால் போதும். மூச்சு விடலாம், நுளம்பை அடிக்கலாம், இடைவேளையில் எழும்பித் தேத்தண்ணி குடிக்கலாம். வேட்டி கட்டிய பிணம் என்றால் உள்ளே கட்டைக் காற்சட்டையும் இடுப்பில் இரண்டு ஊசியும் கட்டாயம். மரணம் சோகமாக இருப்பதா சிரிப்பாக இருப்பதா என்பது அந்த ஊசியில் தங்கியிருக்கிறது.

துவக்குப் பக்கம் போகவே வேண்டாம். விளையாட்டுத் துவக்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவதற்கு இது ஏற்ற ஊர் அல்ல, அதோடு வெடிச் சத்தம் எங்கள் சபையில் பலருக்கு நாடகச் சத்தம் அல்ல. தொலைபேசி மணிக்கு மட்டும் உண்மையான மணியையே அடியுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்மணி வாங்கலாம். பதிவு செய்த ஒலியைப் போட்டால் மண்டபத்தில் பாதிப் பேர் கைப்பையைத் துழாவுவார்கள். திரைக்கும் யன்னல் சீலைக்கும் இரண்டாம் குறுக்குத் தெரு. கதிரை, மேசையை வீடுகளில் இரவல் வாங்குங்கள், யாருடைய கதிரை எது என்று அடியில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

கடைசிக் காட்சி

எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து இன்ஸ்பெக்டர் விளக்கம் சொல்வது இந்த வகை நாடகத்தின் பழைய நோய். வாசிக்கும்போது இனிக்கும், மேடையில் பாடசாலைப் பரிசளிப்பு விழாப் பேச்சு மாதிரி நீளும். விளக்கத்தை வேலையாக மாற்றுங்கள். எங்கள் இன்ஸ்பெக்டர் பேசுவதை நிறுத்திவிட்டு வானொலியை அணைக்கிறார். கொஞ்சம் பொறுக்கிறார். மாமியாரைக் கூப்பிட்டு "அம்மா, நீங்களே ஒருக்கால் திருகுங்கள்" என்கிறார். திருகுகிறார். சத்தம் இல்லை. யாரும் அசைவதில்லை. ஒலி இயக்குபவர் எண்ணுகிறார். பன்னிரண்டு, பதின்மூன்று என்று போகும்போது சபையில் ஒரு மூலையில் "ஐயோ" என்று மெல்லக் கேட்கும், அப்புறம் இன்னொரு மூலையில். இருபதில் பாட்டு வரும்போது பாதி மண்டபம் கொலையாளியின் பக்கம் திரும்பியிருக்கும். அதன்பிறகு இன்ஸ்பெக்டருக்குச் சொல்ல மூன்று நாலு வசனம்தான் மிச்சம்.

லண்டனில் 1952இல் தொடங்கி இன்றும் ஓடும் ஒரு மர்ம நாடகத்தில், கொலையாளி யாரென்று வெளியே சொல்ல வேண்டாம் என்று முடிவில் சபையைக் கேட்டுக்கொள்வார்கள். நீங்களும் கேளுங்கள், மரியாதைக்காக. வெள்ளவத்தையில் அது காலைவரை தாங்காது. வீட்டுக்குப் போக முன்னமே வாட்ஸ்அப்பில் பாதிச் சொந்தக்காரருக்குச் செய்தி போய்விடும். இரண்டாம் மேடையேற்றத்துக்கு வருபவர்களில் பலர் முடிவு தெரிந்துதான் வருவார்கள். அவர்கள் கொலையாளியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், எங்கே பொய் சொல்கிறார், எந்த இடத்தில் கை நடுங்குகிறது என்று. ஆகவே முதல் மேடையேற்றம் முடிந்த இரவே அந்த நடிகரோடு உட்கார்ந்து உண்மை அட்டவணையை இன்னொருமுறை பாருங்கள். அவர் வசனமில்லாமல் நிற்கும் நேரங்களையெல்லாம் குறியுங்கள், அந்த நேரங்களில் அவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும். எங்கள் ஆள் இரண்டாம் மேடையேற்றத்தில் வானொலிப் பக்கம் ஒருமுறையும் திரும்புவதில்லை.